தருமபுரியில் வாழ்ந்த தாமஸ் மன்றோ

வரலாறு படிக்கும் மாணவன் நான். ஆயினும் ஐரோப்பிய வரலாற்றுத் தாள் என்றால் எனக்கு நெடுநாள் கசப்பாகவே இருந்தது. இன்ன ஆண்டில் போர், இன்ன ஆண்டில் உடன்படிக்கை, இன்ன மன்னருக்குப் பின் இன்ன மன்னர் என்று மனப்பாடம் செய்வதும், தேர்வு முடிந்த மறுநாளே அவற்றை மறந்துவிடுவதும் வழக்கமாகிவிட்டன. பென்னாகரம் சந்தைக்குப் புளியும் கேழ்வரகும் கொண்டுவரும் நம் உழவனுக்கும், கடல் கடந்த நாட்டில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்ட கதைக்கும் என்ன உறவு இருக்க முடியும் என்றே எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது எங்கள் வீட்டுப் பரண்மேல் கிடந்த ஒரு தகரப்பெட்டி.

ஒரு கோடை விடுமுறையில் என் தந்தையாருக்கும் பெரியப்பாவுக்கும் வரப்புத் தகராறு மூண்டது. மேட்டுக்காட்டில் இரு பங்குக்கும் நடுவே ஓடும் வரப்பு இடம் மாறிவிட்டது என்பது பெரியப்பாவின் குற்றச்சாட்டு. ஒரே களத்தில் உட்கார்ந்து நிலக்கடலை ஆய்ந்த இரு வீட்டுப் பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை நிறுத்திக்கொண்டனர். பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பு, கல்லூரியில் படிப்பவன் என்ற காரணத்தால் என் தலையில் விழுந்தது.

பெட்டியைத் திறந்தேன். செல்லரித்த பட்டா ஒன்று, கிஸ்தி கட்டிய ரசீதுகள், ஒரு கிரயப் பத்திரம். அந்தப் பத்திரத்தில் ரயத்துவாரி என்ற சொல் கண்ணில் பட்டது. தாத்தாவிடம் பொருள் கேட்டேன். சர்க்காருக்கு நேராகக் கிஸ்தி கட்டுகிற நிலம் என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

விடுமுறை முடிந்து வந்ததும் எங்கள் விரிவுரையாளரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் விடை கூறவில்லை. ஒரு பெயரைக் கூறினார். ஆண்டுகளை மட்டும் தேடாமல், அந்த மனிதரின் தந்தை என்ன தொழில் செய்தார், அவர் எதில் படுத்து உறங்கினார், அவர் சென்ற படை எதை உண்டது, அதற்கெல்லாம் பணம் யார் கொடுத்தார்கள் என்று சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டுக்கொண்டு போகும்படி அறிவுரையும் தந்தார். அவ்வாறு நூலகத்தில் தேடிச் சென்றபோது நான் கண்ட மனிதர்தான் சர் தாமஸ் மன்றோ. நம் தருமபுரியில் ஏறத்தாழ ஏழாண்டுகள் வாழ்ந்து, பின்னாளில் சென்னை மாகாணத்தின் கவர்னரானவர். நான் அறிந்தவற்றை என் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

புகையிலையால் செழித்த நகரம்

தாமஸ் மன்றோ 1761ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ ஒரு வணிகர். என்ன வணிகம்? புகையிலை வணிகம்! குளிர் மிகுந்த ஸ்காட்லாந்தில் புகையிலை எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் வர்ஜீனியா, மேரிலாந்து பகுதிகளில் ஆங்கிலேயர் குடியேறியிருந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளின் வியர்வையில் அங்கே புகையிலை விளைந்தது. அது கப்பலேறிக் கிளைடு ஆற்று முகத்துக்கு வரும். அங்கே தங்குவது சிறு பகுதியே. பெரும்பகுதி மீண்டும் கப்பலேறிப் பிரான்சு, ஆலந்து முதலிய நாடுகளுக்குப் போகும். திரும்பிப் போகும் கப்பல்களில் துணியும் இரும்புச் சாமான்களும் தோட்டக்காரர்களுக்குச் செல்லும். அவற்றைக் கடனாகக் கொடுத்துவிட்டு, விளைச்சலை எடுத்துக்கொள்வது கிளாஸ்கோ வணிகரின் முறை. நம் பக்கத்தில் முன்பணம் கொடுத்துப் புளியந்தோப்பை வளைத்துக்கொள்ளும் வியாபாரியை நினைத்துக்கொண்டால் போதும், முறை விளங்கிவிடும்.

அந்த வணிகத்தால் கிளாஸ்கோ கொழித்தது. செந்நிற மேலங்கியும் பொற்பூண் கைத்தடியுமாகப் பெருவணிகர்கள் வீதியில் நடப்பார்களாம். வர்ஜீனியா தெரு என்ற பெயர் அந்நகரில் இன்றும் இருக்கிறது.

இளம் தாமஸ் துடிப்பான பிள்ளை. ஆனால் மணல்வாரி அம்மை கண்டு பிழைத்ததில் காது சற்று மந்தமாயிற்று. அந்தக் குறை கடைசிவரை தீரவில்லை. 13 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணக்கும் வேதியியலும் கற்றார். டான் குவிக்சாட் என்ற நூலை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்பதற்காக, அகராதியை வைத்துக்கொண்டு தாமாகவே ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டார். பிறகு ஒரு வணிக நிலையத்தில் கணக்கு எழுதும் வேலையில் அமர்ந்தார். பேரேடும் பற்றுவரவுமாக அவர் வாழ்க்கை கழிந்திருக்க வேண்டியது.

இடையில் வந்தது அமெரிக்க விடுதலைப் போர். 1775இல் துப்பாக்கிகள் முழங்கின. புகையிலைக் கப்பல்கள் நின்றன. தோட்டக்காரர்களுக்குக் கொடுத்த கடனெல்லாம் கடலுக்கு அப்பால் மாட்டிக்கொண்டது. வாங்கிய கடனுக்கு மட்டும் ஊரில் வாசலில் வந்து நின்றார்கள். மன்றோவின் தந்தை நொடித்துப்போனார். போர் என்பது போர்க்களத்தில் நிற்பவனை மட்டுமா அழிக்கிறது? கணக்குப் புத்தகத்தோடு வீட்டில் இருப்பவனையும் அழித்துவிடுகிறதே! அந்தப் பாடத்தை மன்றோ 18 வயதுக்குள் கற்றுவிட்டார்.

சிப்பாயின் தலையணை

குடும்பத்தைக் காக்க வேண்டும். கிழக்கிந்தியக் கும்பெனியில் வேலை தேடினார். 1779இல் கப்பல் ஏறும் வேளையில் படைப்பயிற்சி அதிகாரியாகச் சேரும் ஆணை கிடைத்தது. கப்பல் கூலிக்குப் பணமில்லாததால் மாலுமிகளோடு வேலை செய்துகொண்டே பயணம் செய்தார். 1780 ஜனவரி 15ஆம் நாள் சென்னையில் இறங்கினார்.

இறங்கியதும் ஒரு வேடிக்கை நடந்தது. அவர் அமர்த்திக்கொண்ட வேலையாள், சீமைத் துணிகள் இந்த வெயிலுக்கு ஆகாதென்றும், அவற்றைக் கொடுத்து ஏற்ற உடைகள் தைத்து வருவதாகவும் கூறி, துணிமணிகளை வாங்கிக்கொண்டு போனவன் போனவன்தான். மாற்றுச் சட்டைகள் சேர்க்க அவருக்குப் பல மாதங்கள் ஆயின.

வெள்ளை அதிகாரி என்றால் பல்லக்கும் பங்களாவும்தான் நம் நினைவுக்கு வரும். இளநிலை அதிகாரியான மன்றோ தம் தங்கைக்கு எழுதிய கடிதங்களோ வேறு படத்தைக் காட்டுகின்றன. குறுக்குக் கட்டைகளில் விரித்துக் கட்டிய கித்தான் துணிதான் கட்டில். வந்த மூன்றாண்டுகள்வரை தலையணை என்பது ஒரு புத்தகம் அல்லது தோட்டாப் பை. கொண்டுவந்த மேலங்கியே போர்வை. பசியும் வறுமையும் எப்படிப்பட்டவை என்பதை இந்தியாவுக்கு வந்த பிறகே அறிந்ததாக அவர் எழுதினார். அந்தச் சம்பளத்திலும் மிச்சம் பிடித்து, உடன்பிறந்தாரோடு சேர்ந்து, நொடித்துப்போன பெற்றோருக்குப் பணம் அனுப்பினார்.

அவர் வந்த ஆண்டிலேயே போர் மூண்டது. அதுவும் பழைய போரின் கிளைதான். அமெரிக்கருக்கு ஆதரவாகப் பிரான்சு 1778இல் களத்தில் இறங்கியது. அதனால் இந்தியாவிலிருந்த பிரெஞ்சுத் துறைமுகங்களைக் கும்பெனியார் பிடிக்கத் தொடங்கினர். 1779இல் மாகியைப் பிடித்தனர். மாகியோ மைசூர் ஐதர் அலிக்குப் போர்க்கருவிகள் வந்திறங்கும் துறை. சினங்கொண்ட ஐதர் 1780 ஜூலையில் மலைக்கணவாய்கள் வழியே கர்நாடகச் சீமையில் பாய்ந்தார். தந்தையைக் கிளாஸ்கோவில் வீழ்த்திய அதே போர், மகனைக் காஞ்சிபுரத்தில் பிடித்துக்கொண்டது.

1780 செப்டம்பர் 10ஆம் நாள் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை ஐதராலும் திப்புவாலும் அழிக்கப்பட்டது. மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் வாணங்கள் பாய்ந்தன. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சில கல் தொலைவில் காஞ்சிபுரத்தில் நின்ற ஹெக்டர் மன்றோவின் படையில் நம் மன்றோவும் இருந்தார். பெயர் ஒற்றுமை தவிர இருவருக்கும் உறவில்லை. அப்படை தன் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டை நோக்கி ஓடியது. ஐரோப்பியப் படை என்றால் தோல்வியே அறியாதது என்று எண்ணுவோர் இந்த நாளை நினைவிற்கொள்ள வேண்டும். அந்த வாணங்களின் நுட்பத்தை ஆராய்ந்துதான் பின்னாளில் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் தம் நாட்டுக்கு வாணங்கள் செய்தார். 1807இல் கோப்பன்ஹேகன் நகரம் அவற்றால் எரிந்தது. ஐரோப்பியப் போர்க்கலையின் ஒரு பாடம் நம் மண்ணிலிருந்து சென்றது என்பது நாம் அறிய வேண்டிய செய்தி.

மாடு இல்லையேல் படை இல்லை

1790இல் மூன்றாம் மைசூர்ப் போர் தொடங்கியது. இப்போது கும்பெனிப் படைக்குத் தலைமை தாங்கி வந்தவர் யார் தெரியுமா? கார்ன்வாலிஸ் பிரபு. 1781இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே தளபதி! அமெரிக்காவில் இழந்தவர் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார்.

ஒரு படை எதனால் வெல்கிறது? வீரத்தால் என்போம். மன்றோ கண்ட விடை வேறு. 1791 மே மாதத்தில் கார்ன்வாலிஸ் சீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை சென்றார். களத்தில் வென்றும் நின்றார். ஆனால் தீவனமின்றி மாடுகள் மடிந்தன. அரிசி தீர்ந்தது. பீரங்கிகளை இழுக்க மாடில்லை. தம் பெரும் பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த முறை வெல்ல முடிந்தது என்றால், பொதிமாடுகளில் தானியம் சுமந்து படையைத் தொடர்ந்த லம்பாடி வணிகர்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. பாடப்புத்தகத்தில் தளபதியின் பெயர் இருக்கிறது. மாட்டை ஓட்டியவனின் பெயர் எங்கே?

அந்தப் போரில் நம் ஊருக்கும் ஒரு துயரப் பக்கம் உண்டு. இங்கே அப்போது ஒரு கோட்டை இருந்தது. 1791 அக்டோபர் இறுதியில் கர்னல் மாக்ஸ்வெல் தலைமையில் வந்த படை ஏணி சார்த்தி ஏறி அதனைப் பிடித்தது. உள்ளே காவல் நின்ற திப்புவின் வீரர்களில் பெரும்பகுதியினர் மாண்டனர். நாள்தோறும் பேருந்துக்காக நாம் நிற்கும் இந்த ஊரின் மண்ணில் அந்தக் குருதியும் கலந்திருக்கிறது. மாண்டவர்களின் பெயர்களை நான் எந்த நூலிலும் காணவில்லை. அதே படை, அடுத்த வாரமே கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியது.

1792இல் திப்பு சுல்தான் உடன்படிக்கைக்கு இணங்கினார். நாட்டில் பாதி போயிற்று. அப்படிக் கும்பெனியார் கைக்கு வந்தவற்றுள் ஒன்றுதான் பாரமகால் என்றழைக்கப்பட்ட நம் பகுதி.

தருமபுரியில் ஏழாண்டுகள்

நாட்டைப் பிடித்தாயிற்று; வரி வாங்க வேண்டும். கும்பெனியின் சிவில் அதிகாரிகள் பலருக்கு மக்கள் மொழி தெரியாது. துபாசிகளின் கையில் பொம்மைகளாக இருந்தனர். ஆகவே கார்ன்வாலிஸ் படைவீரர்களையே தேர்ந்தெடுத்தார். காப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைவர். அவருக்குத் துணையாக மூவர்: மன்றோ, மக்லியோட், கிரகாம். மன்றோவுக்குத் தருமபுரியைச் சுற்றிய பகுதி கிடைத்தது. 1792 முதல் 1799 வரை அவர் இங்கே பணியாற்றினார்.

ஆண்டில் பல மாதங்கள் கூடாரத்தில்தான் வாழ்க்கை. ஊர் ஊராகச் செல்வார். கர்ணமும் மணியக்காரரும் சொல்வதை மட்டும் கேட்காமல், உழவரையே அழைத்துப் பேசுவார். எந்த நிலம் செம்மண், எது கரம்பு, எந்தக் கிணற்றில் கோடையில் நீர் நிற்கும் என்பன அவர் கேட்ட கேள்விகள். தருமபுரியில் ஒரு வீடு கட்டித் தோட்டமும் போட்டார். 1799இல் வேறு பணிக்காக இவ்வூரை விட்டுப் போக நேர்ந்தபோது, தாம் நட்ட தோட்டத்தைப் பிரிவது பற்றி வருந்திக் கடிதம் எழுதினார். அவர் குதிரை பென்னாகரம் சாலையிலும் நடந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

இந்த ஆண்டுகளில்தான் ரயத்துவாரி முளைவிட்டது. அப்போது வங்காளத்தில் வேறு முறை இருந்தது. 1793இல் கார்ன்வாலிஸ் அங்கே ஜமீன்தார்களை நிலத்துக்கு உடையவர்களாக்கினார். ஜமீன்தார் கும்பெனிக்குக் கட்ட வேண்டியது ஒரு நிலையான தொகை. அவர் உழவனிடம் எவ்வளவு கறப்பார் என்பதைக் கேட்பார் இல்லை. ரீட் பாரமகாலில் வயல் வயலாக அளக்கச் செய்தார். முதலில் குத்தகை முறையை நாடிய அவர், 1796 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். உழவன் ஆண்டுதோறும் தான் பயிரிட விரும்பும் நிலத்துக்கு மட்டும் வரி கட்டலாம். இயலாத நிலத்தை விட்டுவிடலாம் என்பது அதன் சாரம். இடையில் ஜமீன்தார் இல்லை. ரயத் என்றால் உழவன். உழவன்வாரியாக வரி முடிவு செய்யும் முறை என்பதால் அது ரயத்துவாரி ஆயிற்று.

ஆகவே அம்முறையைத் தொடங்கியவர் ரீட். மன்றோ முதலில் பக்கத்தில் நின்று பார்த்தவர். பார்த்துப் பார்த்து அதன் பயனை உணர்ந்தவர். பிறகு வாழ்நாள் முழுவதும் அதற்காக வாதாடியவர். ஜமாபந்தி, கிஸ்தி என்று நம் தாத்தாக்கள் வாயில் புழங்கிய சொற்கள் எல்லாம் அந்த வரிமுறையோடு பின்னிக் கிடந்தவை.

தம் கணக்கைத் தாமே திருத்தக் கேட்டவர்

1799இல் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபின், மன்றோ கன்னட நாட்டுக் கடற்கரைக்கு அனுப்பப்பட்டார். 1800இல் பல்லாரி, அனந்தப்பூர், கடப்பை முதலிய பகுதிகள் அவர் பொறுப்பில் வந்தன. அங்கே 1802இல் தொடங்கி 1807 வரை நிலங்களை அளந்தார். நான்கு அளவர்களோடு தொடங்கிய வேலை நூறு அளவர்களாக வளர்ந்தது.

அளவு எப்படி? 33 அடி நீளச் சங்கிலி ஒன்று. ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் கொண்ட சதுரம் 1,089 சதுர அடி. அத்தகைய 40 சதுரங்கள் சேர்ந்தால் 43,560 சதுர அடி, அதாவது ஓர் ஏக்கர். வணிக நிலையத்தில் கணக்கு எழுதிய பிள்ளையின் ஒழுங்கு அதில் தெரிகிறதல்லவா?

ஆனால் அளந்த கையில் விதித்த வரி கடுமையானது. விளைச்சலில் ஏறத்தாழ 45 விழுக்காடு அரசுக்கு! கும்பெனிக்குப் போர்ச்செலவுக்குப் பணம் வேண்டும். அவர் அதன் ஊழியர். விளைவு என்ன? நிலம் கைமாற்றிக்கொள்ளும் மதிப்பைப் பெறவில்லை. உழவனுக்கு விதைக்கும் மாட்டுக்குமே மிச்சம் போதவில்லை.

இங்கேதான் நான் இந்த மனிதரிடம் மதிப்புக் கொண்டேன். 1807இல் அவர் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். தாம் விதித்த வரியே மிகுதி என்றார். எல்லா நிலத்துக்கும் 25 விழுக்காடு குறைக்க வேண்டும். கிணற்றுப் பாசன நிலத்துக்கு 33 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று கேட்டார். தன் பணத்தில் கிணறு வெட்டியவன் தண்டனை பெறக்கூடாது என்பது அதன் கருத்து. வசூல் மிகுந்தால் பாராட்டுக் கிடைக்கும் உத்தியோகத்தில் இருந்துகொண்டு, வசூலைக் குறைக்கச் சொல்லி எழுதுவது எளிய செயலா?

மேலிடம் ஏற்கவில்லை. அவர் தாயகம் சென்றபின் கிராமங்கள் குத்தகைக்காரரிடம் விடப்பட்டன. நம் சேலம், பாரமகால் பகுதியில் அதற்கு முன்பே மிட்டாக்கள் ஏற்படுத்தப்பட்டு, ஏலத்தில் விற்கப்பட்டிருந்தன. மிட்டாதார் பலர் கட்ட வேண்டியதைக் கட்ட முடியாமல் போக, மிட்டாக்கள் மீண்டும் அரசின் கைக்கே வந்தன. 13 ஆண்டுகள் கழித்து, 1820இல்தான் ரயத்துவாரி மாகாணத்தின் பொதுமுறையானது. அவர் கேட்ட குறைப்பும் அப்போதுதான் கிடைத்தது. ஏனென்றால் அந்த ஆண்டில் கவர்னராக வந்தவர் மன்றோவே!

சால்வையும் பள்ளியும்

இடைப்பட்ட காலத்தில் லண்டனில் ஒரு நிகழ்ச்சி. 1813இல் கும்பெனியின் பட்டயம் புதுப்பிக்கப்பட இருந்தது. இங்கிலாந்துத் துணிகளுக்கு இந்தியாவில் சந்தை கிடைக்குமா என்று பாராளுமன்றக் குழு மன்றோவைக் கேட்டது. இந்தியர் செய்யும் பொருள்கள் சிறந்தவை, மலிந்தவை. ஆகவே அவர்கள் வாங்கமாட்டார்கள் என்று அவர் சாட்சியம் சொன்னார். தாம் ஏழாண்டுகள் பயன்படுத்திய இந்தியச் சால்வை புதிதுபோலவே இருப்பதாகவும், ஐரோப்பியச் சால்வையை இனாமாகத் தந்தாலும் போர்த்தமாட்டேன் என்றும் சொன்னார். சால்வையைப் பற்றி அவர் சொன்னது உண்மை. சந்தையைப் பற்றிச் சொன்னதோ பொய்த்துப் போயிற்று. சில ஆண்டுகளுக்குள் இயந்திரத் துணிகள் வந்து குவிந்தன. நம் நெசவாளர் தறியை இழந்தனர்.

1814இல் ஜேன் காம்ப்பெல் அம்மையாரை மணந்து மீண்டும் இந்தியா வந்தார். 1820 ஜூன் முதல் சென்னைக் கவர்னராக இருந்தார். 1822இல் மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் உள்ளன என்று கணக்கெடுக்க ஆணையிட்டார். 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருப்பதாக அறிக்கை வந்தது. வெள்ளையர் வருமுன் இங்கே கல்வியே இல்லை என்போருக்கு அந்தக் கணக்கே விடை. 1824 இறுதியில் எழுதிய நெடிய குறிப்பில், இந்தியரை உயர் பதவிகளிலிருந்து ஒதுக்கி வைப்பது அவர்களை இழிவுபடுத்துவதாகும் என்றும், ஆங்கில ஆட்சி முடிவுறும் நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார்.

நிழலும் உண்டு

புகழ்ந்தே எழுதிவிட்டால் அது வரலாறு ஆகாது. அதே மன்றோ 1822இல் பத்திரிகைச் சுதந்திரத்தை எதிர்த்து எழுதினார். அந்நிய ஆட்சியும் சுதந்திரப் பத்திரிகையும் ஒன்றாக வாழ முடியாது என்பது அவர் கருத்து. ரயத்துவாரி பட்டாதாரனைக் கண்டது. அவன் நிலத்தில் கூலிக்கு உழைத்த நிலமற்றவனைக் காணவில்லை. வரிப்பணம் ஏரி வெட்டப் போனதைவிடக் கும்பெனியின் படைகளுக்கே மிகுதியாகப் போயிற்று. அவர் மறைந்து 28 ஆண்டுகளுக்குப் பின், 1855இல், வரி கட்டாத உழவரைக் கிட்டி போட்டும் அண்ணந்தாள் கட்டியும் வதைத்த கொடுமைகளை ஒரு விசாரணைக் குழு வெளிக்கொணர்ந்தது. நல்லவர் ஒருவர் வகுத்த முறையானாலும், அதனை நடத்துவோரைக் கேள்வி கேட்க மக்களுக்கு உரிமை இல்லாவிடில் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சான்று.

1826இல் மனைவியும் நோயுற்ற இளைய மகனும் தாயகம் சென்றுவிட்டனர். தாமும் விடைபெற விரும்பினார். போகுமுன் தாம் அளந்த ஊர்களை ஒருமுறை பார்த்து வரப் புறப்பட்டார். வழியில் குத்திக்கு அருகே பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டது. 1827 ஜூலை 6ஆம் நாள் காலையில் நோய்ப்பட்டவர், அன்றிரவே காலமானார். சென்னைத் தீவுத்திடல் அருகே 1839இல் நிறுவப்பட்ட அவருடைய குதிரைச் சிலை இன்றும் நிற்கிறது. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் அவர் அமர்ந்திருப்பதைச் சென்னை செல்லும் தோழர்கள் காணலாம்.

இந்தக் கட்டுரையை எழுதுமுன் எங்கள் வகுப்பில் ஒரு சிறு விவாதம் நடந்தது. நாட்டைப் பிடிக்க வந்தவனைப் பற்றி நாம் எழுதலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். மன்றோவை விடுதலை தந்தவராக நான் கருதவில்லை. பென்னாகரம் கோட்டையில் மாண்டவர்களின் எதிரிப் படையைச் சேர்ந்தவர் அவர். ஆயினும் அவரிடம் கற்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எழுதிய கணக்கு தம்முடையதே ஆனாலும், தவறு என்று தெரிந்ததும் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதற்கு ஒரு துணிவு வேண்டும்.

எங்கள் வரப்புத் தகராறு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். புலப்படத்தை வைத்துக்கொண்டு இரு வீட்டாரும் கூடி அளந்தோம். எல்லைக்கல் புதருக்குள் புதைந்து கிடந்தது. அளந்து பார்த்ததில், வரப்பு பெரியப்பா பக்கம்தான் நகர்ந்திருந்தது. எங்கள் ஏர்தான் ஆண்டுதோறும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததன்று. என் தந்தையார் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு மண்வெட்டியை எடுத்து, வரப்பைப் பழைய இடத்தில் தாமே போட்டார். அன்று மாலை பெரியம்மா கேழ்வரகுக் களி கிண்டி அனுப்பினார்கள்.

தகரப்பெட்டி மீண்டும் பரணுக்குப் போய்விட்டது. ஐரோப்பிய வரலாற்றுப் புத்தகத்தை நான் இப்போது கசப்பின்றித் திறக்கிறேன். வர்ஜீனியாவின் புகையிலையும், யார்க்டவுன் சரணாகதியும், பொள்ளிலூர் வாணமும் எங்கள் மேட்டுக்காட்டின் எல்லைக்கல்வரை வந்து சேர்ந்த கதையை அதில் படிக்க முடிகிறது. தோழர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். திறந்து பாருங்கள்.